சென்டர் ஃபார்வர்டும் லெஃப்ட் அவுட்டும்

நான் அடித்த கோல்களில் பெரும்பாலானவை கம்பத்திலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள் நின்று அடித்தவை. பாதிக்கு மேல் தலையால். மீதியில் சில முழங்காலில் பட்டும், ஒன்றிரண்டு தோளில் பட்டும் உள்ளே போனவை. நடுமைதானத்திலிருந்து நாலு பேரை வெட்டிக்கொண்டு போய் அடித்தது என்று ஒன்றுகூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பந்தாடி வேலை வாங்கியவன் என்று தெரிந்ததும் ஆட்கள் அப்படிப்பட்ட கோல்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு நான் அந்தக் கடையில் வாஷர்களையும் வால்வுகளையும் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆறடிக்கு ஓரங்குலம் குறைவான உயரம். அதனாலேயே பள்ளி டீமில் என்னைக் கோல்கீப்பராக நிறுத்தியிருந்தார்கள். ஒரு ஆட்டத்தில் சென்டர் ஃபார்வர்டுக்குக் காய்ச்சல் வந்துவிட, என்னை முன்னால் போகச் சொன்னார்கள். அதன்பிறகு யாரும் என்னைப் பின்னால் கூப்பிடவில்லை.

பதினெட்டு வயதில், கோடைக்கால டோர்னமென்ட் ஒன்றில் ஆட எங்கள் ஊர் கிளப்புடன் ராஜபாளையம் போனேன். எதிரணி ஒரு நூற்பாலையின் டீம். நாலுக்கு இரண்டு என்று தோற்றோம். அந்த இரண்டும் நான் தலையால் அடித்தவை. ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். ஆலையின் லேபர் ஆபீசர். டீமுக்கு மேனேஜரும் அவர்தான்.

“தம்பி, என்ன பண்ணிட்டிருக்கீங்க?”

“அப்பா கடையில இருக்கேன் சார்.”

“எங்க மில்லுக்கு வாரீங்களா?”

அடுத்த வாரம் அவர் கடைக்கே வந்தார். அப்பாவுக்கு விஷயம் பிடிபடவில்லை. “பந்து ஆடுததுக்கா மில்லுல சம்பளம் குடுக்கிய?” என்று கேட்டார்.

“சம்பளம் வேலைக்குத்தான் அண்ணாச்சி. ஆனா, வேலை பந்து ஆடுறதுக்காக.”

அப்பா அதைச் சற்று நேரம் யோசித்துவிட்டு, “சரி, போகட்டும்” என்றார். எங்கள் பக்கத்தில் அப்போது தொழிலாகப் பந்தாடுவது என்றால் இதுதான். காலை ஷிஃப்டில் ஆலை வேலை. சாயங்காலம் பிராக்டிஸ். டோர்னமென்ட் வந்தால் ஆலைக் கணக்கில் லீவு.

என்னை ஸ்பின்னிங்கில் போட்டார்கள். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டுக் காலிப் பாபின்களை மாட்டும் வேலை. ஷிஃப்ட் முடியும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். மிஷின் சத்தத்தில் யாரும் பேச முடியாது. கையால் ஜாடை காட்டுவார்கள். வேலை எனக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு ஆலைக்குப் பின்னால் இருந்த செம்மண் மைதானத்துக்குப் போவேன். விழுந்தால் முழங்கை உரியும் தரை.

அங்கேதான் எங்கள் லெஃப்ட் அவுட் இருந்தார். இடது ஓரத்தில் ஆடுபவரை அப்போது அப்படித்தான் சொல்வோம். தளவாய்புரத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஒல்லி. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் வேலை. தினமும் தளவாய்புரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். மைதானத்தில் அவர் வாயே திறக்க மாட்டார். பந்தைக் கோட்டோரமாகக் கொண்டுபோவார். மறிக்க வரும் எதிரணி பேக் ஆட்டக்காரர் காலை நீட்டும்வரை பொறுப்பார். பிறகு பந்தை இடது காலால் இரண்டு முறை தொடுவார். இரண்டாவது தொடுதல் மிகச் சின்னது. அதற்கு அடுத்து பந்து உயரும். அந்தச் சின்னத் தொடுதலைப் பார்த்ததும் நான் ஓட ஆரம்பிக்க வேண்டும். சரியாக ஓடினால் பந்து என் நெற்றியில் வந்து விழும். இதை அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு வாரம் தப்புத் தப்பாக ஓடி நானே கண்டுகொண்டது.

முதல் சீசனில் நான் நிறையக் கோல் அடித்தேன். கோவில்பட்டி, விருதுநகர், தென்காசி என்று போன இடத்திலெல்லாம் அடித்தேன். சீசன் முடிந்ததும் லேபர் ஆபீசர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். என்னை நிரந்தரத் தொழிலாளியாக்கிவிட்டார்கள்.

அதன் பொருள் எனக்கு அப்போது முழுதாகத் தெரியவில்லை. ஆலையில் பாதிப்பேருக்கு மேல் பதிலித் தொழிலாளிகள். தினமும் காலையில் கேட்டில் வந்து நிற்க வேண்டும். அன்று யாராவது வரவில்லையென்றால் அந்த இடத்தில் வேலை. ஐந்து வருடம், ஏழு வருடம் என்று அப்படி நின்றவர்கள் இருந்தார்கள். நான் ஒரு வருடத்தில் அவர்களைத் தாண்டிவிட்டேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். லெஃப்ட் அவுட் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பெர்மனன்ட் ஆக்கிட்டாக. ஒங்களுக்கும் குடுத்தாச்சா?”

அவர் பம்பை நிறுத்தாமல், “எனக்கு என்னத்துக்குக் குடுக்காக? கோல் அடிச்சது நீயில்லா?” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அப்போதுதான் அவரும் பதிலி என்று தெரிந்தது. ஒரு வருடமாக அவர் போட்ட பந்தில் கோல் அடித்தும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. லேபர் ஆபீசரிடம் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடந்திருக்குமா என்பதும் தெரியாது.

அடுத்த வருடம் பதிலிகளை நிரந்தரமாக்கக் கேட்டு ஸ்டிரைக் வந்தது. கேட்டுக்கு எதிரே தட்டிப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டாவது வாரம் மதுரையில் ஒரு டோர்னமென்ட் இருந்தது. ஆலை டீம் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தது. லேபர் ஆபீசர் ஜீப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“ஸ்டிரைக் வேலைக்குத்தானே? விளையாட்டுக்கு இல்லையே” என்றார். “மெட்ராஸ்ல இருந்து பெரிய டீமெல்லாம் வருது. உங்களப் பார்க்க அவங்களுக்கும் ஒரு சந்தர்ப்பம்.”

அவர் போனபிறகு அப்பாவைக் கேட்டேன். “ஒன் காலு, ஒன் முடிவு” என்றார்.

மறுநாள் ராஜபாளையம் போனேன். பந்தலில் லெஃப்ட் அவுட் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தார்.

“அண்ணே, மருதைக்குக் கூப்பிடுதாக.”

“தெரியும். எங்கிட்டயும் வந்து கேட்டாக.”

“என்ன சொன்னிய?”

“இம்புட்டுப் பேரும் பதிலிக்காகத்தான வெயில்ல உக்காந்திருக்காக. நானே பதிலி. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது?”

“அப்பம் நான் என்ன செய்யட்டும்?”

அவர் தோள் துண்டில் பிரிந்திருந்த நூலை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். “நீ பெர்மனன்ட்லே. ஒனக்கு நான் என்ன சொல்ல?” என்றார். பிறகு பந்தலுக்குள் போய்விட்டார்.

நான் மதுரைக்குப் போனேன். காரணம் கேட்டால், போக விரும்பினேன் என்பதுதான். கேட் வழியாக வந்தால் மறிப்பார்கள் என்று வேன் ராஜபாளையத்திலிருந்து புறப்படவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து காலையில் எங்களை ஏற்றிக்கொண்டது. எங்கள் ஆட்கள் ஆறு பேர். மிச்சம் ஐந்து பேர் வெளியிலிருந்து பிடித்தவர்கள். முதல் ஆட்டத்தில் கீப்பர் கையிலிருந்து நழுவிய பந்தைத் தட்டிவிட்டு ஒரு கோல் அடித்தேன். இரண்டாவது ஆட்டத்தில் கார்னரில் வந்த பந்தில் ஒன்று. மூன்றாவதில் தோற்று வெளியேறினோம். ஆனால், மெட்ராஸ் டீம் ஒன்றின் கோச் என்னை வந்து பார்த்தார். அது ஒரு அரசுத் துறையின் டீம். “உயரம் இருக்கு, பயம் இல்ல. டிரயலுக்கு வா” என்றார்.

ஸ்டிரைக் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, சமரசத்தில் முடிந்தது. பதிலிகளில் ஒரு பகுதியை நிரந்தரமாக்கினார்கள். லெஃப்ட் அவுட் அந்தப் பகுதியில் இல்லை. பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் பலரும் இல்லை. சில நாட்கள் காலையில் வந்து கேட்டில் நின்று பார்த்தார். அவரை உள்ளே கூப்பிடவில்லை. பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்.

என்னை யாரும் திட்டவில்லை. கேன்டீனில் நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் அவசரமில்லாமல் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவார்கள். ஸ்பின்னிங்கில் கையால் ஜாடை காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஜாடை இல்லாமல் வேலை செய்வது சிரமம். இரண்டு மாதம் அப்படிப் போனது. மெட்ராஸிலிருந்து கடிதம் வந்ததும் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

மெட்ராஸில் திருவல்லிக்கேணியில் ஓர் அறை. என்னோடு இன்னும் மூன்று ஆட்டக்காரர்கள். காலையில் பிராக்டிஸ், பதினோரு மணிக்குமேல் ஆபீஸ், லீக் நடக்கும் மாதங்களில் மத்தியானமே மைதானம். புல் தரை எனக்குப் புதிது. பந்து செம்மண்ணில் எழும்பும் அளவுக்கு அதில் எழும்பாது. இரண்டு வாரத்தில் அதுவும் பழகியது. பழகாதது ஒன்றுதான். எனக்குக் கோல் வரவில்லை.

ஓரங்களில் ஆடியவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள், என்னைவிடத் திறமையானவர்கள். ஆனால், அவர்கள் பந்தை எப்போது தூக்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சீக்கிரம் போய்விடுவேன், இல்லையென்றால் பந்து எனக்கு முன்னால் போய்விடும். தலைக்கு மேலே பந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆட்டங்கள் பல. ஒரு சீசன் முழுதும் அடித்ததை ஒரு கையில் எண்ணினால் ஒரு விரல் மிஞ்சும். பத்திரிகையில் என்னை ‘உயரமான’ என்று மட்டும் எழுதினார்கள்.

சீசன் முடிவில் கோச் கூப்பிட்டார். “மில் டீம்ல நிறைய அடிச்சேன்னு சொன்னாங்க. பொய்யா?”

“இல்ல சார்.”

“அங்க யார் உனக்குப் பந்து போட்டது?”

வந்து சொல்கிறேன் என்று நழுவி அறைக்கு வந்துவிட்டேன். சொன்னால், அடித்ததெல்லாம் இன்னொருவருடையது என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் அடுத்த சீசன் எனக்கு இல்லை. இரண்டையும் அறையில் உட்கார்ந்து நாலு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் போய் லெஃப்ட் அவுட்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதில் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பந்து வேண்டியிருந்தது.

“போய்க் கூட்டிட்டு வா, பார்க்கலாம்” என்றார் கோச்.

தளவாய்புரத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் தங்கை வாசலில் நின்று, “அண்ணன் வத்திராயிருப்புக்குத் தேங்கா உரிக்கப் போயிருக்கு. நீங்க யாரு?” என்று கேட்டாள். மில்லில் கூட ஆடினவன் என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் மலை மாதிரித் தேங்காய் குவித்திருந்தது. தரையில் நட்டிருந்த இரும்புக் கூரில் தேங்காயைக் குத்தித் திருகி மட்டையை உரித்துக்கொண்டிருந்தார் லெஃப்ட் அவுட். தோள் இரண்டும் முன்பைவிட அகலமாகியிருந்தன. என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்ததை உரித்து முடித்தபிறகுதான் நிமிர்ந்தார்.

“என்ன?”

“மெட்ராஸ்ல எங்க டீமுக்கு லெஃப்ட் அவுட் வேணுமாம். டிரயலுக்கு வரச் சொன்னாரு.”

“யாரு சொன்னா? நீ கூப்பிடுதியா, ஒங்க கோச் கூப்பிடுதாரா?”

“கோச்சுதான்.”

“கெவுருமென்ட் வேலையா?”

“ஆமா. எடுத்துட்டா பெர்மனன்ட்.”

அவர் அடுத்த தேங்காயை எடுத்தார். “எப்பம் வரணும்?” என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். “வாரேன். நீ கூப்பிட்டிருந்தா வரமாட்டேன்” என்றார். பிறகு, பஸ் எத்தனை மணிக்கு என்று அவரே சொல்லி, வெயில் ஏறுவதற்குள் போகச் சொன்னார்.

டிரயலில் அவர் பத்து நிமிடம்தான் ஆடினார். கோச் விசிலை ஊதி நிறுத்திவிட்டு, சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் இடது ஓரத்தில் அந்தச் சின்னத் தொடுதலைப் பார்த்தேன். ஓடினேன். பந்து நெற்றியில் விழுந்தது. கோல். எல்லோரும் என்மேல் வந்து விழுந்தார்கள். அவர் திரும்பி நடுக்கோட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

மெட்ராஸில் சேர்ந்து ஆடிய முதல் சீசனில் நாங்கள் இருவரும் மைதானத்துக்கு வெளியே பேசிக்கொண்டதில்லை. ஒரே அறையில் அடுத்தடுத்த பாயில் படுத்தோம். குளிக்கப் போகும்போது வாளியை நகர்த்தி வைப்பார், நானும் வைப்பேன். கூட இருந்தவர்கள், ஒரே ஊர்க்காரர்கள் இப்படி இருக்கிறீர்களே என்று கேட்பார்கள். “நான் தளவாய்புரம், அவரு வில்லிபுத்தூரு” என்பார் லெஃப்ட் அவுட், அது போதும் என்பதுபோல. மைதானத்தில் எங்களைப்போல ஒத்து ஆடியவர்கள் அந்த லீக்கில் இல்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

பொங்கல் லீவுக்கு ஒரே ரயிலில் ஊருக்கு வந்தோம், அவர் வேறு பெட்டியில். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. எதிர்வண்டி வரவேண்டும் என்று ரயிலை அங்கே நிறுத்திப் போட்டிருந்தார்கள். அவர் பிளாட்பாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் தாண்டிப் போகும்போது, “காப்பி குடிக்கியா?” என்று கேட்டார். நின்றேன். ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தார்.

“அண்ணே, அன்னைக்கு நான் மருதைக்குப் போனது…” என்று ஆரம்பித்தேன்.

“செத்த நேரம் சும்மா இரு” என்றார். டம்ளரைக் காலி செய்தார். “அன்னைக்குக் காலையில நானும் பூட்ஸப் பைக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் பந்தலுக்கு வந்தேன். வேன் கேட்டு வழியா வரும்னு நெனச்சேன். ஒம்பது மணி வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். வரல. பொறவு வேற நெனப்பே இல்லாதவன் மாதிரி கோஷம் போட்டேன்.”

நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“வந்திருந்தா ஏறியிருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. தெரியாததுக்குத்தான் ஒம்மேல அம்புட்டுக் கோவம்.”

எதிர்வண்டி வந்தது. அவர் ஓடிப்போய்த் தன் பெட்டியில் ஏறிக்கொண்டார். லீவு முடிந்து மெட்ராஸுக்குத் திரும்பியபிறகு சாதாரணமாகப் பேச ஆரம்பித்தோம். பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியும் ஆபீஸ் லீவைப் பற்றியும். நெருங்கிய நண்பர்கள் ஆனோம் என்று சொல்ல மாட்டேன்.

மூன்று சீசன் அப்படி ஆடினோம். நாலாவது சீசனில் கேரளத்திலிருந்து ஒரு புதிய ஃபார்வர்ட் வந்தான். என் உயரம், ஆனால் என்னைவிட வேகம். நான் இரண்டு வாரத்தில் கண்டுகொண்டதை அவன் இரண்டே பிராக்டிஸில் கண்டுகொண்டான். லெஃப்ட் அவுட்டின் பந்து யார் ஓடினாலும் வந்து சேரும் பந்து என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கும். அந்த வருடம் அவரை மாநில அணிக்கு எடுத்தார்கள். நான் பெஞ்சுக்குப் போனேன். கோச் இதை நேரில் சொல்லவில்லை. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் போனார். பட்டியலை இரண்டு முறை படித்தேன். வருத்தம் இருந்தது. ஆனால், எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. வத்திராயிருப்புக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் இதே பெஞ்ச்தான், மூன்று வருடம் முன்னதாக.

என் கடைசி ஆட்டம் இருபது நிமிடம். பந்து என்னிடம் நாலு முறை வந்தது. ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆபீசில் முழுநேர கிளார்க்காக உட்கார்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் மாறுதல் கேட்டு ஊருக்கே வந்துவிட்டேன். லெஃப்ட் அவுட் மெட்ராஸிலேயே இருந்துகொண்டு துறை டீமுக்குக் கோச் ஆனார். அவர் மனைவி தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் யூனிட் ஒன்றை நடத்திவந்தார். லெஃப்ட் அவுட் ஊருக்கு வரும்போது எப்போதாவது என்னை ஆபீசில் வந்து பார்ப்பார்.

சாயங்காலங்களில் செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. அதனால் ரெஃப்ரி தேர்வு எழுதினேன். முதல் ஆட்டம் கூமாப்பட்டியில். மலையடிவாரத்தில் ஒரு சரிந்த மைதானம். கோட்டில் நிற்க வேண்டிய லைன்ஸ்மேன் இருவரில் ஒருவர்தான் வந்திருந்தார். கடைசி ஐந்து நிமிடத்தில் உள்ளூர் ஃபார்வர்ட் ஒருவன் தலையால் அழகாக ஒரு கோல் அடித்தான். பந்து வரும்போதே எதிரணி பேக்கைத் தாண்டி நின்றுவிட்டான் என்று நான் விசில் ஊதி ஆஃப்சைடு என்றேன். அவன் ஓடிவந்தான்.

“சார், பேக்குக்கு நேரால்லா நின்னேன்!”

“ஓரடி முன்னால நின்ன.”

“நீங்க அங்கன நிக்கவேயில்லயே சார்!”

“அங்கன நின்னுதான் இத்தன வருசம் சம்பளம் வாங்குனேன். போ, ஆடு” என்றேன்.

கூட்டம் கத்தியது. “ஏலே, அவனுக்குக் கண்ணு தெரியல, எறக்குங்கலே!” என்று யாரோ கோட்டுக்குள் செருப்பை எறிந்தார்கள். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தேன். கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டு டீமும் நான் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேன் என்றன. ஒரு சோடா குடித்துவிட்டு ஆறு மணி பஸ்ஸில் வீடு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டார்கள், போனேன்.